பேரியில் முதல் பனிக்காலம்: பெற்றோல் ஸ்னோ ப்ளோவர் எது வாங்கலாம்?

புதுவீடு_பேரி:
வணக்கம். பத்து வருடம் டொராண்டோவின் ஸ்காபரோவில் அடுக்குமாடியில் இருந்துவிட்டு, இந்தக் கோடையில்தான் அதற்கு வடக்கே இருக்கும் பேரிக்கு வீடு வாங்கி வந்தோம். இரண்டு கார் அருகருகே நிற்கிற ட்ரைவ்வே, நீளம் 12 மீட்டர் இருக்கும், தார் போட்டது. போன கிழமை விழுந்த பனியை நான் வேலையால் வருவதற்குள் அப்பா தனியாக அள்ளி முடித்துவிட்டார். அவருக்கு 68 வயது, போன வருடம்தான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தது. பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. இனி அவர் ஷவலைத் தொடவே கூடாது.

ஸ்னோ ப்ளோவர், அதாவது பனியை அள்ளித் தூர எறியும் மெஷின், வாங்கலாம் என்று கடைக்குப் போனால் சிங்கிள் ஸ்டேஜ், டூ ஸ்டேஜ், அகலம் 21 அங்குலம், 24, 28 என்று வரிசையாக நிற்கிறது. அடுத்த தெருவில் ஒருவர் ஏழு வருடம் பாவித்த 24 அங்குல டூ ஸ்டேஜை 600 டொலருக்குத் தருகிறேன் என்கிறார். எதை எடுப்பது?

பிராம்ப்டன்_அக்கா:
தம்பி, முதலில் அப்பாவைக் கவனமாகப் பாருங்கள். குளிரில் ஈரப் பனி அள்ளுவது இதயத்துக்குப் பெரிய சுமை.

என்னிடம் 21 அங்குல சிங்கிள் ஸ்டேஜ் இருக்கிறது, ஒரே சுழல் தகடே பனியை அள்ளி எறியும் வகை. பாரம் குறைவு, கராஜில் இடம் பிடிக்காது, அதன் ரப்பர் தகடு நிலத்தைத் தொட்டே சுழல்வதால் தார்த் தரையைச் சுத்தமாக வழித்தெடுக்கும். 15, 20 சென்டிமீட்டர் பொலபொலவென்ற பனி என்றால் கவலையே இல்லை. ஆனால் நகரசபை வண்டி தெருவை வழித்துக்கொண்டு போகும்போது எங்கள் வாசலில் ஒரு மேடு விட்டுப்போகும் பாருங்கள், உப்பும் சேறும் கலந்து இறுகிப்போன மேடு, அதில் என் மெஷின் ஏறி நின்றுவிடும். அந்த இடத்தை நான் இன்றும் கையால்தான் வெட்டுகிறேன். நீங்கள் தவிர்க்கப் பார்ப்பதே அந்த வேலையைத்தானே.

கராஜ்_அண்ணை:
அக்கா சொன்னதுதான் முடிவு செய்யவேண்டிய இடம். ட்ரைவ்வேயின் அளவைப் பார்க்காதீர்கள், தெருவோர மேட்டைப் பாருங்கள். அதோடு பேரியில் ஜோர்ஜியன் விரிகுடாவின் ஈரத்தை அள்ளிவரும் காற்று ஒரே இரவில் முழங்கால் அளவு கொட்டிவிட்டுப் போகும், டொராண்டோக் கணக்கு அங்கே சரிவராது. டூ ஸ்டேஜ்தான். அதில் முன்னால் இருக்கும் இரும்புத் திருகு பனியை உடைத்து உள்ளே இழுக்கும், பின்னால் இருக்கும் இம்பெல்லர் அதைத் தூக்கி எறியும், சில்லுகள் தாமாக உருளும். உங்கள் இடத்துக்கு 24 அங்குலம் தாராளம். 28 எடுத்தால் இரண்டு ஓட்டம் மிச்சம், ஆனால் திருப்புவதற்கும் கராஜில் வைப்பதற்கும் சிரமப்படுவீர்கள்.

பாவித்த மெஷின் தவறில்லை, புதிது இரண்டு மடங்குக்கு மேல் வரும். ஆனால் பார்த்து வாங்குங்கள். போகுமுன் போன் பண்ணி, எஞ்சினைச் சூடாக்கி வைக்கவேண்டாம் என்று சொல்லுங்கள், குளிர்ந்த எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதுதான் உண்மை. திருகுக்கு நடுவில் இருக்கும் கியர்பெட்டியைச் சுற்றி ஒயில் கசிகிறதா பாருங்கள். அப்புறம் முக்கியமானது: எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் வயரையும் கழற்றிவிட்டு, திருகைத் தண்டோடு பிணைக்கும் இரண்டு ஷியர் பின்னையும் (ஏதாவது மாட்டினால் தான் உடைந்து கியர்பெட்டியைக் காப்பாற்றும் ஊசி) உருவி, திருகின் இரண்டு பக்கத்தையும் கையால் சுற்றிப் பாருங்கள். தண்டின் மேல் தனியாகச் சுற்றவேண்டும். துருப்பிடித்துத் தண்டோடு ஒட்டிப்போயிருந்தால், கல்லோ பனிக்குள் கிடக்கும் பத்திரிகைக் கட்டோ மாட்டும்போது ஷியர் பின் உடைந்தும் பயனில்லை, கியர்பெட்டியே போய்விடும். விற்கிறவர்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது.

புதுவீடு_பேரி:
அண்ணை, இன்று போய்ப் பார்த்தேன். இரண்டாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆனது, கசிவு இல்லை. பின்னை உருவிப் பார்த்தால் வலது பக்கம் சுழல்கிறது, இடது பக்கம் அசையவே இல்லை. விட்டுவிடவா?

கராஜ்_அண்ணை:
விடவேண்டாம், அதைக் காட்டி விலையைக் குறையுங்கள். துரு இளக்கும் ஸ்பிரேயைத் திருகின் இரண்டு முனையிலும் பின் துளையிலும் நன்றாக அடித்து ஓர் இரவு விடுங்கள். மறுநாள் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டி முன்னும் பின்னும் அசையுங்கள், இரண்டு மூன்று நாள் எடுத்தாலும் அவசரப்படாதீர்கள். இளகியதும் கிறீஸ் நிப்பிள் வழியாகக் கிறீஸ் ஏற்றிவிடுங்கள், வருடம் ஒருமுறை அதைச் செய்தால் திரும்ப ஒட்டாது. ஷியர் பின் உடைந்தால் சாதாரண போல்ட் மாட்டவேண்டாம், அது உடையாது, அதுதான் ஆபத்து. அதே மொடலுக்கான பின் நாலைந்து வாங்கி வையுங்கள்.

எஞ்சின் ஒயில் 5டபிள்யூ-30. பெற்றோல் பழுதாகாமல் இருக்க அதில் ஸ்டெபிலைசர் கலந்து வையுங்கள், பங்குனி சித்திரையில் சீசன் முடிந்ததும் டாங்கியை வெறுமையாக்கி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். மார்கழியில் என்னிடம் வருகிற மெஷின்களில் பெரும்பாலானவை பழைய பெற்றோல் காபுரேற்றரில் பிசினாகிப் போனவைதான்.

பிராம்ப்டன்_அக்கா:
கராஜுக்குள் ஸ்டார்ட் பண்ணாதீர்கள், கதவு திறந்திருந்தாலும் வேண்டாம், புகை வீட்டுக்குள் வரும். பனியை வெளியே எறியும் குழாய் அடைத்தால் அதற்குள் கை விடவே கூடாது. எஞ்சினை நிறுத்திய பிறகும் பெல்ட்டில் இருக்கும் இழுவிசையால் உள்ளே ஒரு சுற்றுச் சுற்றும், விரல் போய்விடும். கூட வரும் பிளாஸ்டிக் கரண்டியால் தள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இரண்டு விரல் போனது, அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

கராஜ்_அண்ணை:
இன்னொன்று. வீட்டிலிருந்து தெருவைப் பார்த்து நின்றால் நகரசபையின் பனி வழிக்கும் வண்டி உங்கள் இடப்பக்கமிருந்து வரும். ஆகவே வாசலுக்கு இடப்பக்கம் தெருவோரமாக ஒரு கார் அளவு இடத்தையும் சேர்த்து வழித்து விடுங்கள். வண்டி தள்ளிவரும் பனியில் ஒரு பங்கு அந்தப் பள்ளத்தில் கொட்டும், வாசலுக்குக் குறைவாகத்தான் வரும். மேட்டை முழு அகலத்துக்கும் ஒரேயடியாக வெட்டாமல் பாதி அகலமாக, மெதுவான கியரில் போங்கள்.

புதுவீடு_பேரி:
450 டொலருக்குத் தந்தார். இடது பக்கம் மூன்றாம் நாள்தான் இளகியது. நேற்று இரவு 25 சென்டிமீட்டர், காலையில் வாசல் மேட்டோடு சேர்த்து 40 நிமிடத்தில் முடித்தேன், நீங்கள் சொன்ன இடப்பக்கப் பள்ளமும் வெட்டினேன். அப்பா படியில் நின்று, தபால் பெட்டிப் பக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று கை காட்டிக்கொண்டே இருந்தார்.