ஆப்பை இறுக்கிவிட்டு அடியைத் தேயுங்கள்

மரத்தைச் சீவி வழவழப்பாக்கும் இழைப்புளியைச் சொந்தமாகச் செய்யப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன், எனக்கு ஒரு வாரம் வீணானது உங்களுக்கு ஆகக்கூடாது.

வேங்கைப் பலகை ஒன்றை இழைக்க வேண்டியிருந்தது. வேங்கையில் ரேகை ஒரே பக்கமாக ஓடாது, ஒரு விரல் அகலத்துக்கு இப்படி, அடுத்த விரல் அகலத்துக்கு எதிராக என்று பின்னிக் கிடக்கும், அதனால் என்னிடம் இருந்த இரும்பு இழைப்புளியை எந்தப் பக்கம் தள்ளினாலும் நாரைப் பிய்த்துக்கொண்டே வந்தது. அதில் பிளேடு 45 டிகிரியில் சாய்ந்திருக்கும். இன்னும் நிமிர்ந்து நின்றால் பிய்ப்பது குறையும், தள்ளத்தான் கூடுதல் பலம் வேண்டும். சரி, 55 டிகிரியில் நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

முழுக்கட்டையில் வாயை, அதாவது பிளேடு அடிப்பக்கம் எட்டிப்பார்க்கும் பிளவை, குடைந்தெடுக்க நல்ல கைப்பழக்கம் வேண்டும். மரவேலைக் கலைஞர் ஜேம்ஸ் கிரெனோவ் பரப்பிய முறை எளிது: கட்டையின் இரண்டு பக்கங்களையும் பலகையாக அறுத்தெடுத்து, நடுக்கட்டையைச் சாய்வாக வெட்டி, இடையில் வாய்க்கு இடம் விட்டு மறுபடி ஒட்டிவிடுவது. வாய்க்கு மேலே ஒரு குறுக்குக் குச்சி இருக்கும், அதற்கும் பிளேடுக்கும் இடையில் ஆப்பை அடித்தால் பிளேடு அசையாமல் நிற்கும். பழைய ஜன்னல் சட்டத்துத் தேக்கு இருந்தது. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டுமுன் தின்னர் போட்டுத் துடைத்துவிடுங்கள். நடுக்கட்டை பிளேடைவிட 2 மி.மீ. அகலமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பிளேடைப் பக்கவாட்டில் நகர்த்தவே முடியாது.

ஒட்டி முடித்து, கண்ணாடி மேல் உப்புத்தாள் விரித்து, அடியைத் தேய்த்துச் சமமாக்கினேன். ஸ்கேல் வைத்தால் துளி வெளிச்சம் தெரியவில்லை. ஆனால் இழைத்தால் ஓரிடத்தில் தடிமனாகச் சீவுகிறது, அடுத்த சாணில் ஒன்றுமே வரவில்லை. பிளேடைத் தீட்டினேன், மறுபடி தேய்த்தேன், மறுபடி அதே கதை. ஒரு வாரம்!

கடைசியில் எங்கள் தெரு ஆசாரி அண்ணனிடம் காட்டினேன். வாங்கி ஆப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, தேய்க்கும்போது ஆப்பு உள்ள இருந்துச்சா?" என்றார். இல்லை. ஆப்பை இறுக்கினால் அது குறுக்குக் குச்சியை மேலே தள்ளும், பிளேடைக் கீழே அழுத்தும், அந்த அழுத்தத்தில் வாய்க்குப் பின்னால் அடி மயிரிழை அளவு புடைத்துவிடும். பிளேடை உள்ளே இழுத்து வைத்து, வேலை செய்யும்போது எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு ஆப்பை இறுக்கிவிட்டுத்தான் தேய்க்க வேண்டும்.

அப்படியே செய்தேன். பத்து நிமிட வேலை. வேங்கையில் எதிர் ரேகையிலும் மெல்லிய சுருள் முழு நீளத்துக்கு வந்தது, பலகையில் கை வைத்தால் வழுக்குகிறது.

ஒரு வாரம் தேய்த்ததில் வாய் அகலமாகிவிட்டது, அதுதான் வருத்தம். வாய்க்கு முன்னால் புளிய மரத்தின் வைரம் பாய்ந்த கட்டையில் சின்னத் துண்டு பதிக்க அறுத்து வைத்திருக்கிறேன்.