டைட்டில் ஒன் வாசிப்பு வகுப்பை நிறுத்திவிட்டார்கள், அடுத்து யாருக்கு எழுதுவது?

நியூஜெர்சியில் இருக்கிறோம். மகள் அரசுப் பள்ளியில் 3ஆம் வகுப்பு. கணக்கில் குறையில்லை, வாசிப்பில்தான் தடுமாற்றம்; 'த்ரூ' (through), 'தோ' (though) இரண்டையும் இன்னும் ஒன்றாகவே படிக்கிறாள். பள்ளிக்கு டைட்டில் ஒன் என்ற, படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்கு உதவும் கூட்டாட்சி நிதி வருகிறது. பள்ளியில் ஏழைப் பிள்ளைகள் 40 சதவீதத்துக்கும் குறைவு என்பதால், பள்ளி முழுவதற்கும் இல்லாமல் தேர்ந்தெடுத்த மாணவர்களுக்கு மட்டும் உதவி. செப்டம்பரில் சிறு குழு வகுப்பில் சேர்த்தவர்கள் ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். கேட்டால், "உங்களுக்கு வருமானம் அதிகம்" என்கிறார்கள். இதென்ன மதிய உணவுச் சலுகையா? வறுமைக் கணக்கெல்லாம் பள்ளிக்குப் பணம் ஒதுக்கத்தான். பிள்ளையைத் தேர்வது படிப்பில் பின்தங்கியதை வைத்து என்றுதான் சட்டம் சொல்கிறது.

வகுப்பாசிரியரிடம் பேசியாயிற்று, முதல்வருக்கு மின்னஞ்சலும் போட்டாயிற்று. தேர்வு அளவுகோலை எழுத்தில் கேட்டேன், அதுவும் வரவில்லை.

அடுத்து பள்ளி மாவட்டத்தின் டைட்டில் ஒன் பொறுப்பாளருக்கு எழுதுவதா, நேரே மாநிலக் கல்வித் துறையில் புகார் கொடுப்பதா?