கே3எஸ் கிளஸ்டர்: ஸ்கிரிப்ட் சொல்லுறது 46 கொன்டெய்னர், நோட்டுகளில ஓடுறது 35. மிச்சம் எங்க?

கேள்வி: பரந்தன் சந்தி

வணக்கம். நெல் கொள்வனவு, களஞ்சிய இருப்புக் கணக்கு மென்பொருள் ஒண்டு கே3எஸ் (கொன்டெய்னர் எண்ட தனித்தனிப் பொதிகளைப் பல கணினியில ஓட்டி நிர்வகிக்கிற சின்னக் குபர்னெட்டிஸ்) கிளஸ்டரில ஓடுது. சேர்வர் நோட் (கட்டுப்படுத்துற கணினி) கிளிநொச்சியில. ஏஜென்ட் நோட் (வேலை ஓடுற கணினி) ரெண்டு: ஒண்டு பரந்தன் ஆலையில, மற்றது புதுக்குடியிருப்புக் களஞ்சியத்தில. மூண்டும் வயர்கார்ட் விபிஎன்னால இணைச்சிருக்கு. எந்த நோட்டில எந்த இமேஜ் (கொன்டெய்னர் உருவாகிற மூலப் பொதி), என்ன பதிப்பில ஓடுது எண்டு இரவிரவா ஒரு சிஎஸ்வி பைல் எடுக்க வேணும். போனில இருந்து எழுதுறன், அதால கட்டளைகளும் தமிழ் எழுத்திலயே கிடக்கு.

இப்ப இருக்கிற ஸ்கிரிப்ட் (பொட் எண்டது ஒண்டோ பலவோ கொன்டெய்னர் சேர்ந்த அலகு):

கியூப்சிடிஎல் கெட் பொட்ஸ் -ஏ -ஓ ஜேசன்பாத்='{.ஐட்டம்ஸ்[*].ஸ்பெக்.கொன்டெய்னர்ஸ்[*].இமேஜ்}' | டிஆர் ' ' '\என்' > பட்டியல்

பிரச்சினை ரெண்டு.

ஒண்டு, கையால ஓட்டினா 46 வரி வருது. நோட் நோட்டா எஸ்எஸ்எச்சில போய் 'கே3எஸ் சிஆர்ஐசிடிஎல் பிஎஸ் -கியூ' போட்டு ஓடுற கொன்டெய்னரை எண்ணினா 35 தான். புதுக்குடியிருப்பு நோட்டுக்குப் போகேலாது. இடிமழையோட கரண்ட் போய் இன்னும் நொட்ரெடி (தொடர்பில்லை).

ரெண்டு, அதே ஸ்கிரிப்ட் குரோனில (நேரம் வைச்சுத் தானா ஓட்டுறது) ஓடினா பைல் வெறுமையா வருது.

பதில்: ஏ9 டெர்மினல்

நோட்டில 'டொக்கர் பிஎஸ்' அடிச்சுப் பாருங்கோவன்? அது தானே உண்மையான கணக்கு.

பதில்: ஓமந்தை ரூட்

கே3எஸ் கொன்டெய்னர் ஓட்டுறதுக்கு இயல்பா கொன்டெய்னர்டியைத் தான் பாவிக்குது, அங்க டொக்கர் பிஎஸ் ஒண்டும் காட்டாது. குபர்னெட்டிஸ் பக்கமும் 1.24 பதிப்போட டொக்கர்ஷிம் (டொக்கரோட இணைக்கிற பகுதி) கழற்றியாச்சு. சிஆர்ஐசிடிஎல் தான் சரி. 'கே3எஸ் சிடிஆர் கொன்டெய்னர்ஸ் எல்எஸ்' போட்டு எண்ணிப்போடாதேங்கோ. ஒவ்வொரு பொட்டுக்கும் உள்ள போஸ் கொன்டெய்னரும் (பொட்டின்ர வலையைப் பிடிச்சு வைக்கிறது), நிண்டுபோனதுகளும் அதில சேர்ந்து வந்து கணக்குக் குழம்பும்.

குரோன் விசயம் லேசு. குரோனுக்கு உங்கட ஷெல்லில இருக்கிற பாத்தும் (கட்டளை தேடுற இடங்கள்) இல்லை, கியூப்கன்பிக் மாறியும் (கிளஸ்டருக்குப் போற விவரப் பைல் எங்க எண்டு சொல்லுறது) இல்லை. கே3எஸ் தன்ர கட்டளைகளை /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்னில வைக்குது, குரோன் தேடுறது /யூஎஸ்ஆர்/பின்னும் /பின்னும் மட்டும். முழுப் பாதை குடுத்தாலும் தனியா நிறுவின கியூப்சிடிஎல் எண்டா, லோக்கல்ஹோஸ்ட் 8080 மறுத்திட்டுது எண்டு நிக்கும். ஸ்கிரிப்ட் தலைப்பில ரெண்டையும் எக்ஸ்போர்ட் பண்ணுங்கோ.

பைல் வெறுமையாகிறதுக்குக் காரணம் அந்த '>' குறி. கட்டளை ஓட முதலே ஷெல் பைலைத் துடைச்சுப்போடும். அதோட பைப்பில கடைசிக் கட்டளையின்ர முடிவு தான் முடிவு. கியூப்சிடிஎல் விழுந்தாலும் டிஆர் 'சரி' எண்டு சொல்லும். ஆகவே செட் -ஓ பைப்ஃபெயில் போட்டு, தற்காலிகப் பைலுக்கு எழுதி, வெற்றி எண்டா மட்டும் எம்வி பண்ணுங்கோ. பிழைச்செய்தியை '2>>' போட்டு லொக் பைலுக்கு அனுப்புங்கோ.

தயவுசெய்து கே3எஸ்.யாமல் பைலை 644 (எல்லாரும் வாசிக்கலாம்) ஆக்கிப்போடாதேங்கோ. உது முழு நிர்வாகி உரிமை உள்ள பைல். பட்டியல் எடுக்கிறதுக்கு எண்டு ஒரு சேர்விஸ் அக்கவுன்ட் திறந்து, பொட்ஸ், நோட்ஸ் ரெண்டுக்கும் 'லிஸ்ட்' உரிமை மட்டும் உள்ள கிளஸ்டர்ரோல் குடுத்தாக் காணும். கட்டேக்க கிளஸ்டர்ரோல்பைண்டிங்கால கட்டுங்கோ. வெறும் ரோல்பைண்டிங் எண்டா உரிமை ஒரு நேம்ஸ்பேஸுக்குள்ள (கிளஸ்டரின்ர ஒரு பிரிவு) தான், எல்லாப் பிரிவையும் கேக்கிற -ஏ போட்டவுடன 'பொபிடன்' வரும்.

பதில்: குளக்கட்டு

46க்கு வருவம். ஸ்பெக் எண்டது நீங்கள் என்ன கேட்டனீங்கள் எண்டது. என்ன ஓடுது எண்டது ஸ்டேட்டஸில. அதுவும் நோட் கடைசியாச் சொன்ன சேதி தான். நோட் செத்தா சேதி பழசாகும், ஏபிஐ சேர்வர் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லும்.

'கெட் பொட்ஸ் -ஏ -ஓ வைட்' போட்டு கொம்ப்ளீட்டட், டேர்மினேட்டிங் எத்தனை, புதுக்குடியிருப்பு நோட்டில ரன்னிங் எண்டு நிக்கிறது எத்தனை எண்டு எண்ணிச் சொல்லுங்கோ தம்பி.

பரந்தன் சந்தி

கொம்ப்ளீட்டட் 5 பொட்: ஹெல்ம்-இன்ஸ்டால்-ட்ரேஃபிக் ரெண்டு, பக்அப் குரோன்ஜொப் மூண்டு. டேர்மினேட்டிங் 4, எல்லாம் புதுக்குடியிருப்பு. அங்கேயே ரன்னிங் எண்டு ஒரு பொட்: எஸ்விசிஎல்பி-ட்ரேஃபிக். அதுக்குள்ள கொன்டெய்னர் ரெண்டு, மற்றப் பொட்டுகளில ஒவ்வொண்டு.

பதில்: குளக்கட்டு

5 + 4 + 2 = 11. உங்கட வித்தியாசம் முழுக்க அது தான்.

கொம்ப்ளீட்டட் ஐஞ்சும் வேலை முடிச்ச பொட்டுகள். கே3எஸ் நிறுவேக்க ட்ரேஃபிக்கை (உள்ள வாற வலைக் கோரிக்கையைப் பிரிச்சு விடுறது) போடுற ரெண்டு ஜொப்பும் அப்பிடியே கிடக்கும். குரோன்ஜொப் இயல்பா கடைசி மூண்டு வெற்றியை வைச்சிருக்கும்.

டேர்மினேட்டிங் நாலும் கரண்ட் போனதால வந்தது. நோட் தொடர்பில்லாமப் போய் 300 செக்கன் கடந்தா பொட்டுகளை வெளியேற்றச் சொல்லி உத்தரவு போகும், டிப்ளொய்மென்ட் வேற நோட்டில புதுசு எழுப்பும். ஆனா பழசை அழிச்சிட்டன் எண்டு சொல்ல அந்த நோட் உயிரோட இல்லை. அதால ஒரே சேவை ரெண்டு தரம் எண்ணுப்படும். ஸ்டேட்ஃபுல்செட் (தரவு வைச்சிருக்கிற பொட்டுகள்) எண்டா இன்னும் மோசம்: பழைய பொட் போகுமட்டும் புதுசு எழும்பாது. தரவுத்தளம் அந்த நோட்டில இருந்தா கவனம்.

டீமன்செட் பொட்டை (நோட்டுக்கு ஒண்டாய் ஓடுறது) இந்த உத்தரவு தொடாது. நோட் இருண்டு கிடந்தாலும் ரன்னிங் எண்டே நிக்கும். எஸ்விசிஎல்பி அந்த வகை.

ஜேசன்பாத்தை விட்டிட்டு ஜேகியூவுக்கு (ஜேசன் தரவை வடிகட்டுற கருவி) மாறுங்கோ:

கியூப்சிடிஎல் கெட் பொட்ஸ் -ஏ -ஓ ஜேசன் | ஜேகியூ -ஆர் '.ஐட்டம்ஸ்[] | செலக்ட்(.மெட்டாடேட்டா.டிலீஷன்டைம்ஸ்டாம்ப் == நல்) | . ஆஸ் $பி | (.ஸ்டேட்டஸ்.கொன்டெய்னர்ஸ்டேட்டசஸ்[]?, .ஸ்டேட்டஸ்.இனிட்கொன்டெய்னர்ஸ்டேட்டசஸ்[]?) | செலக்ட்(.ஸ்டேட்.ரன்னிங்) | [$பி.ஸ்பெக்.நோட்நேம், $பி.மெட்டாடேட்டா.நேம்ஸ்பேஸ், $பி.மெட்டாடேட்டா.நேம், .நேம், .இமேஜ், .இமேஜ்ஐடி] | @சிஎஸ்வி'

அந்தக் கேள்விக்குறிகளை விட்டிடாதேங்கோ. பொட் இன்னும் நோட்டுக்குப் போய்ச் சேராட்டி ஸ்டேட்டஸ் பட்டியலே இருக்காது, 'நல்லைச் சுற்றேலாது' எண்டு ஜேகியூ நிண்டிடும். இனிட் (தொடக்கத்தில ஓடுற) பட்டியலைச் சேர்த்ததுக்கும் காரணம் இருக்கு: குபர்னெட்டிஸ் 1.29இல இருந்து சைட்கார் (துணைக்கு ஓடுற) கொன்டெய்னர்கள் இனிட் பகுதிக்குள்ள இருந்தபடியே தொடர்ந்து ஓடலாம்.

இதுக்கு 37 வரும். மிச்ச 2 எஸ்விசிஎல்பி. அதை வெட்டி எறியாதேங்கோ. 'கெட் நோட்ஸ்' எடுத்து ரெடி நிலையைப் பக்கத்தில ஒரு நிரலாப் போடுங்கோ. கரண்ட் வந்தவுடன திரும்பி எழும்பப் போறது அது, இருப்புக் கணக்கில 'தெரியாது' எண்டு நிக்கிறது தான் நியாயம்.

ஸ்டேட்டஸ்.பேஸ் ரன்னிங் எண்டு ஃபீல்ட்செலக்டரால வடிகட்டினாப் போதும் எண்டு ஆரும் சொன்னா நம்பாதேங்கோ. கிராஷ்லூப்பில விழுந்து எழும்புற பொட்டுக்கும் பேஸ் ரன்னிங் தான்.

பதில்: ஏ9 டெர்மினல்

அப்ப 'கெட் நோட்ஸ் -ஓ ஜேசன்' எடுத்தா அதுக்குள்ளயே ஸ்டேட்டஸ்.இமேஜஸ் எண்டு ஒரு பட்டியல் இருக்கே. உது சுகம் இல்லையோ?

பதில்: ஓமந்தை ரூட்

இல்லை. அது டிஸ்கில கிடக்கிற இமேஜ், ஓடுறது இல்லை. அதோட கியூப்லெட் (நோட்டில ஓடுற முகவர் நிரல்) இயல்பா 50 இமேஜ் மட்டும் தான் அங்க எழுதும், பெரிசில இருந்து சின்னன். சின்ன இமேஜுகள் சத்தமில்லாமக் காணாமப் போகும்.

பரந்தன் சந்தி

37 வந்திட்டுது, நன்றி அண்ணா. குரோனும் சரி. புதுக்குடியிருப்பு நோட் இப்ப எழும்பி ரெடி, டேர்மினேட்டிங்கும் போட்டுது. ஆனா இமேஜ்ஐடி நிரலில ஒரு குழப்பம். ஒரே இமேஜ், ஒரே டேக். கிளிநொச்சியில ரெஜிஸ்ட்ரிப் பேரோட @ஷா256 வருது, புதுக்குடியிருப்பில பேரே இல்லாம வெறும் ஷா256, இலக்கமும் வேற. அங்க லைன் மெதுவு எண்டதால பென்ட்ரைவில டார் கொண்டுபோய் 'சிடிஆர் இமேஜஸ் இம்போர்ட்' பண்ணினது. பழைய பதிப்போ?

பதில்: குளக்கட்டு

அதை வைச்சுப் பழசு எண்டு சொல்லேலாது. ரெஜிஸ்ட்ரியில இருந்து இழுத்ததுக்கு மெனிஃபெஸ்டின்ர (இமேஜின்ர உள்ளடக்கப் பட்டியல்) டைஜெஸ்ட் (கைரேகை மாதிரி ஷா இலக்கம்) வரும். டாரால ஏத்தினதுக்கு அப்பிடி ஒண்டு இல்லாததால இமேஜ் கன்பிக்கின்ர ஷா வருது. ரெண்டு வேற அளவுகோல், ஒப்பிடேலாது. ரெண்டு நோட்டிலயும் 'கே3எஸ் சிஆர்ஐசிடிஎல் இமேஜஸ்' போட்டு இமேஜ் ஐடி நிரலைப் பாருங்கோ. அது ரெண்டு பக்கமும் கன்பிக் ஷா தான். ஒத்துப்போனா ஒரே இமேஜ். ஒரு நோட் ஆர்ம், மற்றது இன்டெல் எண்டா மட்டும் இயல்பாவே வேறுபடும்.

டேக் 'லேட்டஸ்ட்' எண்டா உடன மாத்துங்கோ. லேட்டஸ்ட்டுக்கு இழுக்கும் கொள்கை இயல்பா ஓல்வேய்ஸ். லைன் இல்லாத நேரம் பொட் திரும்ப எழும்பினா, டாரில ஏத்தின இமேஜ் பக்கத்தில இருந்தும் இமேஜ்புல் பிழையில நிக்கும். இலக்கமுள்ள டேக், இஃப்நொட்பிரசென்ட்.

இன்னொண்டு. டிஸ்க் 85 வீதம் தாண்டினா கியூப்லெட் பாவிக்காத இமேஜுகளை 80 வீதத்துக்கு வருமட்டும் அழிக்கும். பென்ட்ரைவில கொண்டுபோனதும் அதில போகலாம். டாரை /வார்/லிப்/ராஞ்சர்/கே3எஸ்/ஏஜென்ட்/இமேஜஸ் கோப்புறையில விட்டு வைச்சா ஏஜென்ட் தொடங்கேக்க தானே ஏத்திக்கொள்ளும்.

பதில்: ஓமந்தை ரூட்

பரந்தன் ஆலை நோட்டில தராசு, பில் பிரின்டர் எண்டு ஆரும் டொக்கரைத் தனியா நிறுவி ஓட்டினமோ எண்டும் பாருங்கோ. அப்பிடி ஓடுறது கிளஸ்டர் ஏபிஐக்குத் தெரியவே தெரியாது. அந்த நோட்டில மட்டும் டொக்கர் பிஎஸ் எடுத்து, 'கிளஸ்டருக்கு வெளிய' எண்டு குறிச்சு அதே சிஎஸ்வியில சேருங்கோ.

பரந்தன் சந்தி

இமேஜ் ஐடி ரெண்டும் ஒண்டு தான். டொக்கரும் இருக்கு, பிரின்டருக்கு ஒரு கொன்டெய்னர் ஓடுது. சேர்த்திட்டன்.