மறு: லூட்டிங் – ‘சூறையாடல்’ போதுமா?

வணக்கம் நண்பர்களே,

நாம் மொழிபெயர்க்கும் கட்டுரையில் வரும் ‘லூட்டிங்’ (looting) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன போடுவது என்று நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில்.

> சூறையாடல் என்று நல்ல சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

ஐயா, சூறையாடல் என்றால் கும்பலாகப் புகுந்து, ஊரே பார்க்க அள்ளிக்கொண்டு போவது. நம் கட்டுரை பேசுவது இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசிய 1940-41 லண்டன். இரவு குண்டு விழுந்து முன்சுவர் போன வீடு. சமையலறையில் காசு போட்டால் அடுப்புக்குக் காஸ் விடும் மீட்டர். யாரோ ஒருவர் சத்தமில்லாமல் அதன் பெட்டியை நெம்பி, சில்லறையைப் பையில் போட்டுக்கொள்கிறார். சில வழக்குகளில் அந்த ‘யாரோ’ இடிபாட்டில் சிக்கியவர்களை மீட்க வந்த பணியாளர், அல்லது துணைத் தீயணைப்பு வீரர். இதில் சூறை எங்கே இருக்கிறது?

‘கொள்ளை’யும் சரிவராது. சட்டத் தமிழில் அதற்கு வன்முறையோ மிரட்டலோ வேண்டும். (பூட்டிய வீட்டில் நகை போனாலும் செய்தித்தாள்கள் கொள்ளை என்றுதான் எழுதுகின்றன, அது வேறு கதை.)

வெறும் ‘திருட்டு’ என்றும் விட்டுவிட முடியாது. போர்க்காலப் பாதுகாப்பு விதிகளின்படி இந்தக் குற்றத்துக்கு உச்சத் தண்டனை மரணம், அல்லது ஆயுள் முழுக்கக் கடுங்காவல். யாரையும் தூக்கில் போடவில்லை. மாதக் கணக்கிலோ சில ஆண்டுகளோ சிறைதான் கொடுத்தார்கள். ஆனாலும் சாதாரணத் திருட்டுக்கு அப்படியொரு தண்டனை ஏட்டில்கூடக் கிடையாது.

> என் பரிந்துரை: இடிவீட்டுக் களவு

அம்மா, ‘களவு’ அருமை. யாழ்ப்பாணத்தில் அன்றாடம் புழங்கும் சொல், இங்கேயும் புரியும். ஆனால் ‘இடிவீடு’தான் இடிக்கிறது. தெருவில் வெடிக்காத குண்டு கிடக்கிறதென்று எல்லாரையும் வெளியேற்றுகிறார்கள். ஒரு விரிசலும் விழாத வீட்டில் ஒருவன் கைவைக்கிறான். அதுவும் இதே குற்றம்தான். 1941 மார்ச் 8 அன்று கஃபே டி பாரிஸ் நடனக்கூடத்தில் குண்டு விழுந்தபோது இறந்தவர்கள் விரலிலிருந்து மோதிரம் கழற்றினார்களே, அது வீடே இல்லை.

‘வெறுமனைக் களவு’ (ஆளில்லாத வெறும் மனையில் நடக்கும் களவு) என்று எழுதிய நண்பருக்கு: வேகமாகப் படித்தால் ‘வெறுமனே களவு’ ஆகிவிடுகிறது!

என் முன்மொழிவு: போரிடர்க் களவு. இடிந்த வீடு, காலி செய்த வீடு, பிணத்தின் விரல் மூன்றும் அடங்கும். பிழைதிருத்தி அதைப் ‘பேரிடர்’ ஆக்கப் பார்க்கும், கவனம். ஆனால் அதிலும் ஒரு லாபம் உண்டு: வெள்ளத்தில் விட்டுப்போன வீடுகளில் நடப்பதற்குப் ‘பேரிடர்க் களவு’ என்று எழுதிக்கொள்ளலாம்.

மற்றவை சுருக்கமாக. பிளாக்-அவுட்டுக்கு (குண்டு விமானங்களுக்குத் தெரியாதபடி இரவில் விளக்குகளை மறைப்பது) ‘இருட்டடிப்பு’ வேண்டாம். அது இப்போது செய்தியை மறைப்பதற்குப் போய்விட்டது. ‘ஒளிமறைப்பு’ போதும். பிளாக் மார்க்கெட் கள்ளச்சந்தையேதான், அதில் கை வைக்காதீர்கள்.

வார் ரிசர்வ் கான்ஸ்டபிளுக்குச் ‘சிறப்புக் காவலர்’ என்று போட்டிருப்பதை மாற்ற வேண்டும். சிறப்புக் காவலர் படை போருக்கு முன்பே இருந்தது. வார் ரிசர்வ்காரர்கள் போருக்கென்றே முழுநேரச் சம்பளத்தில் எடுத்தவர்கள். சிலரைப் பழைய குற்றப் பதிவைக்கூடப் பார்க்காமல் சேர்த்தார்கள். பின்னாளில் தொடர்கொலைகளுக்காகத் தூக்கிலேறிய ஜான் கிறிஸ்டி 1939-இல் இப்படித்தான் காவலர் ஆனார். ‘போர்க்காலக் காவலர்’ என்று மாற்றிவிடவா? மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்