அமெரிக்கக் கேசட்டில் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது: செட்டப் பிரச்சினையா, கார்டு பிரச்சினையா?

கானாடுகாத்தான்_வளவு:

இரண்டு விஎச்எஸ் கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன். ஒன்று ஊரில் எடுத்த அறுபதாம் கல்யாணம், நம் ஊர் டிவி முறையான பிஏஎல். மற்றது நியூஜெர்சியில் எடுத்த கல்யாணம், அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சி. மல்டிசிஸ்டம் விசிஆர், யூஎஸ்பி கேப்சர் கார்டு, காம்போசிட் வயர் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. அமெரிக்கக் கேசட்டில் மாப்பிள்ளையின் கறுப்புக் கோட் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது. பிரைட்னஸைக் குறைத்ததும் சரியானது. அதே செட்டிங்கில் ஊர்க் கேசட்டைப் போட்டால் முகப்புத் தேக்குத் தூணும் பின்னாலுள்ள கதவும் ஒரே இருட்டு. ஆச்சிகளின் கண்டாங்கிச் சேலையில் கட்டமே தெரியவில்லை. கேசட்டுக்குக் கேசட் கண்ணால் பார்த்துத்தான் திருப்ப வேண்டுமா, இதற்குக் கணக்கு உண்டா?

தேவகோட்டை_டேப்:

கணக்கு உண்டு. இரண்டு முறையிலும் கறுப்பு நிற்கும் இடமே வேறு.

பிஏஎல்லில் வரிகளுக்கு நடுவே, படம் இல்லாத இடைவெளியில் வரும் பிளாங்கிங் மட்டமும் படத்தின் கறுப்பும் ஒன்றுதான், 0 மில்லிவோல்ட். வெள்ளை 700, வரி தொடங்கும் இடத்தைக் காட்டும் சிங்க் துடிப்பு கீழே 300. அமெரிக்க என்டிஎஸ்சியில் 1 வோல்ட்டை ஐஆர்ஈ என்ற அலகில் 140 பங்காகப் பிரிப்பார்கள். சிங்க் 40, அதாவது 286 மில்லிவோல்ட். வெள்ளை 100, அதாவது 714. கறுப்பு மட்டும் பிளாங்கிங்குக்கு மேலே 7.5 ஐஆர்ஈயில், சுமார் 54 மில்லிவோல்ட்டில் உட்காரும். இதைத்தான் செட்டப் என்கிறோம், பெடஸ்டல் என்றாலும் இதுதான். ஜப்பானின் என்டிஎஸ்சியில் செட்டப் கிடையாது.

உங்கள் கார்டு பிளாங்கிங்கையே கறுப்பு என்று எடுத்துக்கொள்கிறது. 8 பிட்டில் 16 கறுப்பு, 235 வெள்ளை. செட்டப் உள்ள டேப்பின் கறுப்பு அதில் 32ஐ ஒட்டி விழும், அதுதான் சாம்பல். அதற்காகக் குறைத்த பிரைட்னஸில் ஊர்க் கேசட்டைப் போட்டால், அடியில் 54 மில்லிவோல்ட் வரை இருந்த நிழல் விவரம் முழுக்க 16க்குக் கீழே போய்விடும். கண்டாங்கியின் கட்டம் அங்கேதான் தொலைந்தது. கேசட்டில் அது பத்திரமாக இருக்கிறது, தயவுசெய்து மறுபடி ஏற்றுங்கள்.

விசிஆர் என்டிஎஸ்சி டேப்பை பிஏஎல் 60 ஆக மாற்றித் தந்தாலும் கலரின் முறைதான் மாறும். லூமா, அதாவது வெளிச்ச அளவு, அப்படியே வரும், செட்டப்பும் அதோடு வரும்.

செக்காலை_சர்வீஸ்:

மேலே சொன்னது சரி. ஆனால் அமெரிக்கக் கேசட் என்பதாலேயே 7.5 இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள், தம்பி. அங்கே விற்ற வீட்டு உபயோகக் கேம்கார்டர்களிலும் செட்டப் போடாதவை உண்டு. டேப்பைச் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

720 அகலத்தில் ஏற்றிய ஒரு ஃபிரேமைப் பெரிதாக்கி இடது ஓரத்தைப் பாருங்கள். சில பிக்சல் அகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை ஓடும். அது பிளாங்கிங். அதன் லூமா அளவையும், படத்துக்குள் உண்மையிலேயே கறுப்பாக இருக்க வேண்டிய ஒன்றின் அளவையும் எடுங்கள். கேமராவில் ஃபேட் பட்டன் அழுத்தி இருட்டாக்கிய இடம் கிடைத்தால் அதுவே சிறந்தது. இரண்டும் ஏறத்தாழ ஒன்றென்றால் செட்டப் இல்லை. படத்தின் கறுப்பு 16 படி மேலே நின்றால் செட்டப் இருக்கிறது. ஒரே ஃபிரேமில் எடுத்தால் போதாது, நாலைந்து இடத்தில் பாருங்கள். விஎச்எஸ் இரைச்சல் இரண்டு மூன்று படி ஆட்டும். சில கார்டுகள் ஓரத்தைத் தாங்களே கறுப்படித்துவிடும், அங்கே இந்தச் சோதனை செல்லாது.

இன்னொன்று: இரண்டு கேசட்டுமே வெளிறித் தெரிந்தால் குற்றவாளி செட்டப் இல்லை, 16–235ஐ விரிக்காமல் காட்டும் பிளேயர்.

கானாடுகாத்தான்_வளவு:

நன்றி அண்ணே. என்டிஎஸ்சி கேசட்டில் ஓரம் 16, ஃபேட் ஆன இடம் 32, 33. ஊர்க் கேசட்டில் ஓரமும் உள்ளும் 16, 17. இப்போது கார்டிலேயே பிரைட்னஸை 16 குறைத்தால் போதுமா?

செக்காலை_சர்வீஸ்:

போதாது. 16 குறைத்தால் வெள்ளையும் 235இலிருந்து 219க்கு இறங்கும். நடு வெளிச்சத்தை மாற்றும் காமாவைத் திருகுவதும் தவறு; நடு நிழல்தான் அமுங்கும், கறுப்பு தூக்கியபடியே நிற்கும்.

கார்டைத் தொடாமல் இரண்டையும் நடுநிலையில் ஏற்றுங்கள். ஏற்றும் மென்பொருளான விர்ச்சுவல்டப்பில், எந்த வெளிச்ச அளவு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்க்கும் முன் நாலு ஓரத்தையும் கிராப் செய்துவிடுங்கள், விசிஆரின் ஹெட் மாறும்போது படத்தின் அடியில் வரும் ஹெட் ஸ்விட்சிங் கிழிசல் கணக்கைக் கெடுக்கும். பார்த்து முடித்ததும் கிராப்பை 0 ஆக்க மறக்காதீர்கள். முக்கியமாக மேல்முனை: கழுத்திரு (நம் பக்கத்துத் தங்கத் தாலி) மீது விளக்கு படும் காட்சியில் வெள்ளை முட்டினால் கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் இறக்குங்கள். வெட்டுப்பட்ட தங்கம் பிறகு வெறும் வெள்ளைத் திட்டுத்தான்.

ஏற்றிய பிறகு என்டிஎஸ்சி கோப்புக்கு மட்டும்: பழைய மதிப்பிலிருந்து 32.4 கழித்து, 1.081ஆல் பெருக்கி, 16 கூட்டுங்கள். 235 அசையாது. வீடியோ திருத்தும் மென்பொருளான அவிசிந்த்தின் லெவல்ஸில் உள்ளே 32–235, வெளியே 16–235. கோரிங் என்ற தேர்வை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது 16–235க்கு வெளியே உள்ளதை முதலிலேயே வெட்டும்.

தேவகோட்டை_டேப்:

கலரையும் சேருங்கள். செட்டப் உள்ள முறையில் குரோமாவும், அதாவது கலர் சிக்னலும், 0.925ஆகச் சுருங்கியிருக்கும்; வரிதோறும் கலருக்கு அளவுகோலாக வரும் பர்ஸ்ட் மட்டும் சுருங்காமல் 40 ஐஆர்ஈயிலேயே நிற்கும். கார்டு பர்ஸ்டைப் பார்த்துக் கலர் அளவை வைப்பதால் இந்தச் சுருக்கத்தைக் கண்டுகொள்ளாது. அவிசிந்த்தின் லெவல்ஸ் கலரையும் சேர்த்தே விரித்துவிடும்; லூமாவை மட்டும் மாற்றும் கருவியென்றால் சேச்சுரேஷன் 1.08 கொடுங்கள், பட்டுச்சேலையில் வித்தியாசம் தெரியும்.

விசிஆரிலிருந்து ஒய் பின் போட்டு டிவிக்கும் கார்டுக்கும் ஒன்றாகக் கொடுக்கிறீர்களா? அப்படியென்றால் கழற்றிவிடுங்கள். இரண்டு 75 ஓம் சுமை சேர்ந்தால் 1 வோல்ட் சிக்னல் 0.67க்கு இறங்கும். சிக்னல் அளவைத் தானாகச் சரிசெய்யும் கார்டின் ஏஜிசி அதைத் தூக்கி நிறுத்தப் பார்க்கும், கூடவே இரைச்சலும் ஏறும். நீங்கள் எடுத்த 16, 33 கணக்கையும் பின்னைக் கழற்றிய பிறகு ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.