திருப்பூரில் ஆர்டர் திரும்பிவிட்டது, டெய்லர்கள் திரும்பவில்லை: என்ன செய்யலாம்?

பவர்டேபிள்காரர் (கூலிக்குத் துணி தைத்துக் கொடுக்கும் சிறு தையல் கூடம் நடத்துபவர்; ஜூலை 2021):
இரண்டாம் ஊரடங்கு தளர்ந்தபின் ஏற்றுமதி கம்பெனிகள் தைக்கக் கொடுக்கும் ஜாப் ஒர்க் தாராளமாகவே வருகிறது. ஆனால் என்னிடமுள்ள 18 மெஷின்களில் பாதிக்குத்தான் ஆள் இருக்கிறது. கடந்த ஆண்டு சிறப்பு ரயில்களில் ஒடிசாவுக்கும் பீகாருக்கும் போனவர்களில் பலர் திரும்பவில்லை. திரும்பியவர்களிலும் சிலர் இந்த மே மாதம் மறுபடி ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். 2020இல் அரசு உத்தரவாதத்துடன் வாங்கிய அவசரக் கடனுக்கு, அசல் கட்ட வேண்டாம் என்று கொடுத்த ஓராண்டுச் சலுகை முடிந்து தவணையும் தொடங்கிவிட்டது. முன்பணம் கொடுத்து ஆட்களை அழைத்து வருவதா, ஆர்டரைக் குறைத்துக்கொள்வதா?

கணக்கு எழுதுபவர்:
ஆள் கணக்குக்கு முன் பணக் கணக்கைப் பாருங்கள். டெய்லருக்குச் சனிக்கிழமை சம்பளம் கொடுத்தாக வேண்டும். தைத்துக் கொடுத்த பீஸுக்கான பில்லோ இரண்டு மாதம் இழுக்கும். ஆர்டர் கூடக் கூட நீங்கள் கைக்காசு போட்டு ஓட்ட வேண்டிய தொகைதான் கூடும். நூல் விலை ஏறிக்கொண்டே போவதால், பழைய விலைக்கு ஆர்டரை ஒப்புக்கொண்ட ஏற்றுமதியாளர் தன் நெருக்கடியை உங்கள் பில்லைத் தள்ளிப்போட்டுத்தான் சமாளிப்பார். மத்திய அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்துள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வட்டியும் உண்டு என்பது சட்டம். (வேலை கொடுக்கும் ஒரே பார்ட்டி மீது யார் புகார் கொடுப்பார்கள் என்பது வேறு விஷயம்.)

பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பதிவு இருந்தால் ஆத்மநிர்பர் பாரத் ரோஜ்கார் திட்டத்தையும் பாருங்கள். 50 பேருக்குள் உள்ள நிறுவனம், 2020 செப்டம்பர் எண்ணிக்கைக்கு மேல் 2022 மார்ச் 31க்குள் குறைந்தது இருவரைச் சேர்த்தால், 15,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் அந்தப் புதியவர்களுக்கு தொழிலாளி, முதலாளி என இரு தரப்பின் பி.எஃப். பங்கையும், அதாவது சம்பளத்தில் 24 சதவீதத்தை, இரண்டு ஆண்டுகளுக்கு மத்திய அரசே செலுத்துகிறது.

ஓவர்லாக் (துணி ஓரங்களை இணைத்துத் தைக்கும் மெஷின்) டெய்லர்:
ரயிலில் போனவர்களைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். உள்ளூர்ப் பெண்கள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பள்ளிகள் மூடிக்கிடக்கின்றன; பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட் பார்க்க எந்தத் தாயால் முடியும்? காலை பத்து மணிக்கு வந்து நான்கு மணிக்குப் போகலாம், பீஸ் ரேட் (தைத்த எண்ணிக்கைக்குக் கூலி) என்று சொல்லிப் பாருங்கள். பேட்லாக் (மடிப்புத் தையல் போடும் மெஷின்) வேலைக்கும் செக்கிங்குக்கும் உங்கள் தெருவிலேயே ஆள் கிடைக்கும். முன்பணத்தை நம்ப வேண்டாம். பக்கத்து கம்பெனி கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் அந்த ஆள் அங்கே போய்விடுவார். முதல் ஊரடங்கில் அரிசியும் அறை வாடகையும் கொடுத்த முதலாளிகளிடம்தான், எனக்குத் தெரிந்த வடமாநில டெய்லர்கள் தாமாகவே போன் செய்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார்கள்.

பவர்டேபிள்காரர்:
பத்து முதல் நான்கு வரை என்ற யோசனையை அடுத்த வாரமே நடைமுறைப்படுத்திப் பார்க்கிறேன். ஆனால் கட்டிங் பகுதியில் அரை நாள் வேலை ஒத்துவராது. அதற்கு மட்டும் கான்ட்ராக்ட் ஆளை வைத்தவர்கள் யாரேனும் இருந்தால் ரேட் விவரம் சொல்லுங்கள்.