புதுப்பிப்பு: ஆர்என்ஏ குறைந்தும் புரதம் குறையாத சிக்கல் தீர்ந்தது

லென்டிவைரஸ் (செல்லுக்குள் மரபணுவைக் கொண்டுசேர்க்கும் வைரஸ்) வழியாக ஹேர்பின் ஆர்என்ஏவை (கொண்டை ஊசி போல மடிந்து, குறிவைத்த மரபணுவின் ஆர்என்ஏவைக் குறைக்கும் சிறு ஆர்என்ஏ) மனித செல்களுக்குள் அனுப்பி ஒரு மரபணுவை அடக்கப் பார்த்தேன், அந்த மரபணுவின் ஆர்என்ஏ கால்வாசியாக இறங்கியும் வெஸ்டர்ன் பிளாட்டில் (புரத அளவைப் பட்டையாகக் காட்டும் சோதனை) புரதம் அசையவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது.

அவசரப்பட்டு 48 மணி நேரத்திலேயே செல்களை எடுத்துவிட்டேன். ஹேர்பின் தடுப்பது புதிதாகப் புரதம் உருவாவதைத்தான். ஏற்கெனவே இருப்பது தானாகச் சிதைய வேண்டும். இதுவோ மெதுவாகச் சிதையும் வகை. இந்த முறை பியூரோமைசின் (வைரஸ் ஏறாத செல்களைக் கொல்லும் மருந்து) போட்டு, வைரஸ் கொடுக்காத தட்டில் செல்கள் எல்லாம் செத்து மிதக்கும் வரை விட்டு, ஏழாம் நாள் எடுத்தேன். கட்டுப்பாட்டுச் செல்களில் கறுத்துத் தடித்த பட்டை. பக்கத்தில், ஹேர்பின் போன செல்களில், பென்சிலால் லேசாக இழுத்த மாதிரி ஒரு கோடு. அளவை ஒப்பிட வைத்துக்கொள்ளும் ஆக்டின் புரதம் இரண்டிலும் சமம். அப்படியொரு நிம்மதி!

கிரிஸ்பர் (மரபணுக் கத்தரி) வைத்து மரபணுவையே வெட்டிவிடலாமே என்று கேட்டவருக்கு: இந்தப் புரதம் அடியோடு இல்லாவிட்டால் இந்த செல்கள் பிழைக்காது. அதனால்தான் குறைத்துப் பார்க்கிறேன்.

அப்புறம், புரதம் குறைந்த செல்கள் மெதுவாகத்தான் பெருகுகின்றன; அதே மரபணுவில் வேறு இடத்தைக் குறிவைக்கும் இரண்டாவது ஹேர்பினிலும் அதேதான். மூன்றாவது, புரதத்தைக் குறைக்காமலே செல்களைக் கொன்றது. வேறு மரபணுவைத் தாக்குகிறது போல, விட்டுவிட்டேன்.

மீட்புச் சோதனை பாக்கி. ஹேர்பின் பிடிக்க முடியாதபடி டிஎன்ஏ எழுத்து மாற்றிய, அதே புரதத்தைத் தரும் மரபணுப் பிரதியை உள்ளே அனுப்பி, செல்கள் பழைய வேகத்துக்குத் திரும்புகின்றனவா என்று பார்க்கப் போகிறேன்.